திண்ணை வந்தது, தெரு வரவில்லை

சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்டது தட்சிணசித்ரா. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். நத்தத்திலிருந்து போன நாங்கள் அங்கே அக்ரகாரத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். டிக்கெட் எடுத்தால் போதும்!

கல்லும் மரமும் அசல் என்றால் வீடு அசலாகிவிடுமா? ஜப்பானில் உருவான 1994 நாரா ஆவணம் இருப்பிடத்தையும் பயன்பாட்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. நம்மூரில் இருப்பிடம் என்றாலே சாதிதான். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டு ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரி, தீண்டாச்சேரியைத் தனியாகவும் எழுதுகிறது. எங்கள் ஊர்ப்பெயரும் அந்த 'நத்தம்' என்ற சொல்தான்.

பழைய இடத்தில் எங்கள் பாட்டன்மார் அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைந்திருக்க முடியாது. வீட்டைப் பிரிக்கும்போது கல்லுக்கு எண் எழுதுகிறீர்கள். யார் எதுவரை வரலாம் என்றிருந்ததையும் எழுதி வையுங்கள்.