சுக்கான்: நீர் காய்ந்த இடத்தின் பெயர்

பாலக்காட்டில் ஆனைக்கரை என்று ஓர் ஊர் உண்டு. மழை பார்த்த ஊர் அது. அதை விட்டுக் கணவாய் வழியே கிழக்கே வந்தால், சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைகிறது, மண் கறுக்கிறது, தமிழ் காதில் விழுகிறது. கேரளத்தின் கரிசல் இது. சுண்ணாம்பு கலந்த மண். இன்னும் கிழக்கே கோவைச் சீமைக்குள் போனால், கிணறு தோண்டுகிறவரின் கடப்பாரை சுண்ணாம்பு இறுகிய சுக்கான்பாறையில் முட்டும்.

சுக்கான்கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறிய சாம்பல் நிறம், முண்டும் முடிச்சுமான உடல், விரல்விட்டுக் கிளைத்த வடிவம். அசப்பில் சுக்குத்துண்டேதான். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும்.

கப்பலின் சுக்கான் அரபியிலிருந்து வந்த சொல். அதற்கும் இந்தக் கல்லுக்கும் உறவில்லை. இஞ்சி காய்ந்தால் சுக்கு. ஈரம் வற்றிப்போன எதையும் ‘சுக்காய்க் காய்ந்தது’ என்கிறோம். கல்லின் பெயரும் இந்த உலர்ச்சியிலிருந்தே கிளைத்தது என்பது என் துணிபு. வடிவம் மட்டுமல்ல, கல் பிறக்கும் விதமும் அதற்குச் சான்று.

மழைநீர் காற்றிலும் வேர்களின் மூச்சிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று, மண்ணின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. மழை மிகுந்த ஊரில் அது நிலத்தடி நீரோடு போய்விடும். வறண்ட ஊரிலோ பாதி வழியிலேயே நீர் காய்கிறது. சுண்ணாம்பு அங்கேயே தங்குகிறது. முதலில் வெள்ளை இழைகள், பிறகு முடிச்சுகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் முடிச்சுகள் கூடிப் பாறை. அதன்பின் நீர் இறங்காது. தென்னை வேரும் பக்கவாட்டில்தான் ஓடும்.

இதே பொருளை இந்திக்காரர்கள் ‘கங்கர்’ என்றார்கள். வடமொழிக் ‘கர்கர’த்தின் வழிவந்த அச்சொல்லில் கடினம் தெரிகிறது. ஸ்பானியரின் ‘கலீச்சே’ சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. 1902இல் லாம்ப்ளூ என்ற புவியியலாளர் ‘கால்கிரீட்’ என்று பெயரிட்டார். அதில் சுண்ணாம்போடு காங்கிரீட்டின் இறுக்கமும் சேர்ந்தது. நம் சொல்லோ கல்லின் தன்மையைவிட அது பிறந்த கதையைச் சொல்கிறது.

அந்தக் கல்லையே சூளையில் சுட்டு நீர் தெளித்தால், கொதித்துப் பூத்து நீறாகும். அந்த நீறுதான் நம் பழைய வீடுகளின் சுவரைப் பிடித்து நிறுத்தியது. நீர் விட்டுப்போனபோது கல்லானது, நீர் திரும்பி வந்தபோது சுண்ணாம்பானது.

கிணற்றடியில் ‘சுக்கான் வந்துடுச்சு’ என்பவர் கல்லை மட்டும் சொல்லவில்லை; அந்த நிலத்தில் மழை எவ்வளவு ஆழம் இறங்கி நின்றது என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.