கள்ளத்தோணி: ஒரு சொல்லின் வரலாறு

போன செமஸ்டர் குடியேற்றமும் இனவாதமும் பற்றிய ஒரு பாடத்துக்காகக் கனக்க வாசிக்க வேண்டி வந்தது. வாசிப்புப் பட்டியலில் இருந்ததில் முக்கால்வாசி மேற்கு நாடுகளைப் பற்றியது: கனடா, அவுஸ்திரேலியா, பிரித்தானியா. நல்ல கட்டுரைகள்தான். ஆனால் வாசிக்க வாசிக்க அந்தப் பட்டியலில் எங்கயுமே இல்லாத ஒரு சொல் மண்டைக்குள் வந்துகொண்டே இருந்தது. கள்ளத்தோணி.

இந்தச் சொல்லைக் கேள்விப்படாத ஆள் இந்த நாட்டில் இருக்க முடியாது. சிங்களத்திலும் அப்படியே புழங்குது. ஒரு காலத்தில் மலையக மக்களைக் குறிக்கச் சொன்னார்கள், பிறகு தமிழர் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்கள். வடக்கிலே நாங்களும் சும்மா இருக்கவில்லை. ‘வடக்கத்தையான்’, ‘தோட்டக்காட்டான்’ என்று எங்கட கைவசமும் சொற்கள் இருந்தன, இருக்கின்றன. இந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தேடினதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் வந்த வழி

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. மலைநாட்டுச் சிங்கள விவசாயிகளுக்குச் சொந்தமாக வயலும் சேனையும் இருந்தபடியால் வெள்ளைக்காரன் கொடுத்த கூலிக்குத் தோட்டத்தில் வேலை செய்ய அவர்கள் வரவில்லை. பஞ்சமும் சாதிக் கொடுமையும் வாட்டிக்கொண்டிருந்த தென்னிந்திய மாவட்டங்களில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்தவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் கால்நடை. வாந்திபேதி, மலேரியா, தண்ணி இல்லாத வெளிகள். டொனோவன் மோல்ட்ரிச் 1989 இல் வெளியிட்ட, 19ஆம் நூற்றாண்டுக் கோப்பித் தொழிலாளர்களைப் பற்றிய ‘பிட்டர் பெரி பொண்டேஜ்’ என்ற நூல் இந்தக் காலத்தைப் பற்றியதுதான். அதை ஒரே மூச்சில் வாசிக்க ஏலாது. வழியில் செத்தவர்களை அந்த வழியிலேயே விட்டுவிட்டு நடந்த கதைதான் அது.

கோப்பிக் காலத்தில் பெரும்பாலானோர் அறுவடைக்கு வந்து திரும்பிப் போனார்கள். 1869 இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருசம் முன்னமே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டிருந்தார். தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேணும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்து லயங்களில் நிரந்தரமாகத் தங்கினார்கள். முற்பணம், பெரிய கங்காணியின் கடன், அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ என்று கட்டிப் போட்டிருந்தார்கள். துண்டு முறை ஒழிக்கப்பட்டதே 1921 இல்தான்.

நான் கவனித்த விஷயம் இதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பயணம் முழுக்க அரசாங்கக் கண்காணிப்பில் நடந்தது. மண்டபம் முகாமில் அடைத்து வைத்து நோய் இருக்கா என்று பார்த்தார்கள், அம்மைப்பால் குத்தினார்கள். தோட்டத்தின் இலக்கம் குத்திய தகரச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, அந்த இலக்கப்படி தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1914 இல் இருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல், இரண்டு கரையிலும் ரயில். இந்த நாட்டுக்குள் இவ்வளவு ‘பதிவாக’ வந்த வேறு சனம் உண்டா? பிறகு அவர்களைத்தான் கள்ளத்தோணி என்றார்கள்.

பெயர் சொல்லாத சட்டங்கள்

வாசிப்பில் எனக்கு அதிகம் உறைத்த விஷயம், இனவாதச் சட்டங்கள் இனத்தின் பெயரைப் பெரும்பாலும் சொல்வதில்லை என்பது.

1908 இல் கனடா ஒரு விதி கொண்டுவந்தது. பிறந்த நாட்டில் இருந்தோ குடியுரிமை உள்ள நாட்டில் இருந்தோ எங்கேயும் இடைநிற்காமல், ஒரே பயணமாக வருகிறவர்களுக்குத்தான் அனுமதி. அதில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. ஆனால் இந்தியாவில் இருந்து கனடாவுக்கு நேரே வரும் கப்பல் அப்போது இல்லை. 1914 மே மாதம் ‘கொமகாட்டா மாரு’ என்ற கப்பல் 376 பேருடன் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. பெரும்பாலானோர் பஞ்சாபிச் சீக்கியர்கள். எல்லாரும் பிரித்தானியப் பேரரசின் குடிகள். இரண்டு மாதம் கப்பலிலேயே மறித்து வைத்து, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை மட்டும் இறக்கிவிட்டு, மிச்சப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அவுஸ்திரேலியா 1901 இல் செய்தது இன்னும் வடிவான வேலை. வருகிறவருக்கு ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொல் ‘சொல்வதெழுதல்’. எந்த மொழி என்று தெரிவது அதிகாரி. வேண்டாத ஆள் என்றால் அவருக்குத் தெரியாத மொழியில் வைப்பது. 1934 இல், பல மொழி தெரிந்த எகோன் கிஷ் என்ற எழுத்தாளருக்கு ஸ்கொட்லாந்து கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள்.

இதை வாசித்துச் சிரித்துவிட்டு, எங்கட 1948 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதிலும் இந்தியத் தமிழர் என்று இல்லை. வம்சாவழிப் பிரஜை என்றால், தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேணும், அல்லது தகப்பன் வழிப் பேரனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேணும். நியாயமாகத்தான் தெரியுது, இல்லையா? லயத்தில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? அந்தக் காலத்துச் சிங்கள விவசாயி எத்தனை பேரிடமும் அது இருந்திருக்காது. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டது ஒரு பகுதியினரிடம் மட்டுந்தான்.

1946 கணக்கெடுப்பின்படி ‘இந்தியத் தமிழர்’ 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் சனத்தொகையில் 11.7 வீதம், இலங்கைத் தமிழரை விடக் கூட. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் தெரிவானவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டும் வாக்கு என்றார்கள். 1952 தேர்தலில் அந்த 7 ஆசனமும் இல்லை. 1949 சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தும் கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1953 இல் கோடக்கன்பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயும், சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. சட்டத்தில் பெயர் இல்லைதானே.

கள்ளத்தோணி என்ற சொல்லுக்கு வலு வந்ததும் இதற்குப் பிறகுதான். முன்னர் சாதாரணமாகப் போய் வந்த கடலில் இப்போது விசாவும் கடவுச்சீட்டும். இந்தப் பக்கம் பெண்சாதி பிள்ளை, அந்தப் பக்கம் தாய் தகப்பன் என்று பிரிந்த குடும்பங்கள். ஆட்கள் தோணியில் வந்தார்கள்தான். 1952 இல் ‘ஒப்பரேஷன் மொன்டி’ என்று வடமேற்குக் கரையில் காவல் போட்டு, 1963 இல் அதையே பெரிய இராணுவப் படையணியாக்கி, 1981 வரைக்கும் வைத்திருந்தார்கள். தோணியில் வந்த சிலரின் பெயரால், நாலு தலைமுறையாகத் தேயிலைக்கு உழைத்த லட்சக்கணக்கான ஆட்களும் கள்ளராகிப் போனார்கள்.

எங்கட பங்கு

இந்தக் கதையை ‘சிங்களப் பேரினவாதம் செய்தது’ என்று முடிப்பது எங்களுக்குச் சுகம். ஆனால் அது பாதிக் கதை. ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். ஒரு மாதத்துக்குள் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்து, அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டமூலத்தை ஆதரித்தார். செல்வநாயகம் அதோடு பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்றைக்கு அவர்களுக்கு நடப்பது நாளைக்கு மொழியின் பெயரால் எங்களுக்கும் நடக்கும் என்பது அவரது வாதம். ஏழு வருசத்தில், 1956 இல், நடந்தது.

ஆனால் இது தலைவர்களின் விஷயம் மட்டும் இல்லை. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தவரும் புலம்பெயர்ந்தவர்கள்தான். மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தோடு மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் கந்தோரிலும் கிளாக்கர் வேலை செய்து, ‘மலாயன் பென்சன்’ எடுத்து ஊரில் கல்வீடு கட்டினார்கள். அதே வெள்ளைக்காரன்தான் ஒருத்தருக்குக் கதிரையும் மற்றவருக்கு மண்வெட்டியும் கொடுத்தவன். கதிரையில் இருந்தவர் கடல் கடந்தது பெருமை, மண்வெட்டியோடு வந்தவர் கடல் கடந்தது இழிவு. நடுவில் இருந்தது படிப்பும் சாதியும்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டார்கள்: 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தை 1974 இல் ஆளுக்குப் பாதி எடுத்தார்கள். போகிறவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டு ஒப்பந்தம் எழுதவில்லை. இங்கே இந்தியாக்காரர் என்று அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியில் இறங்கியதும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். இன்றைக்கும் அங்கே அப்படித்தான் சொல்லுகிறார்கள்.

எழுபதுகளின் பஞ்சமும் 1977 வன்முறையும் இன்னொரு பகுதியினரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. காந்தீயம் போன்ற அமைப்புகள் அவர்களைக் குடியேற்ற உண்மையாகவே பாடுபட்டன. அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களின் சனம் வன்னியில் பெரும்பாலும் கூலிகளாகத்தான் வாழ்ந்தார்கள். சொந்தக் காணி இல்லை, இருந்தாலும் உறுதி இல்லை. யுத்தத்தின் சாவிலும் இடப்பெயர்விலும் எங்களோடு சமமாகப் பங்கெடுத்தவர்களைக் கலியாணப் பேச்சு என்று வந்தால் மட்டும் ‘அவை வேற’ என்று சொல்லுகிற வழக்கம் இன்னும் முடியவில்லை.

மறுகரையில்

1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவரும் கூட்டாளிகளும் காப்பாற்றினார்கள். முதலில் நல்ல வரவேற்பு. இந்தியாவில் இருந்து வந்தோம் என்று அவர்கள் சொன்னது பொய், உண்மையில் மேற்கு ஜேர்மனியில் இருந்து கப்பல் ஏறியவர்கள் என்று தெரிந்ததும் பேச்சு மாறியது. வரிசையில் நிற்காமல் பாய்ந்தவர்கள், பொய்யர்கள்.

2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ கப்பல் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போனது. கொமகாட்டா மாரு போன அதே மாகாணக் கரை. இந்த முறை திருப்பி அனுப்பவில்லை, இறக்கித் தடுத்து வைத்தார்கள். பயங்கரவாதிகளும் ஆட்கடத்தல்காரரும் இருக்கலாம் என்று அமைச்சர் பேசினார். சிலர் மாதக்கணக்காக உள்ளே. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருசமும் சொச்சமும்தான் ஆகியிருந்தது.

நாங்கள் அகதிகள், உயிருக்குப் பயந்து போனவர்கள், அவர்கள் கூலிக்கு வந்தவர்கள், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்று இல்லைதான். ஆனால் பஞ்சத்தில் சாகாமல் இருக்க மன்னார்க் காட்டை நடந்து கடந்தவருக்கும் உயிர்ப் பயந்தான். வந்த காரணத்தைக் கேட்டு யாரும் இந்தச் சொற்களைச் சொல்லுவதும் இல்லை. நியூபவுண்ட்லாந்தில் மிதந்தவர்களிடம் முதலில் பார்க்கப்பட்டது அவர்கள் எந்த வழியால் வந்தார்கள் என்பது. 1948 இல் தோட்டத்துச் சனத்திடம் கேட்கப்பட்டது பூட்டன் எங்கே பிறந்தார் என்பது. இன்றைக்கு ரொறன்ரோவில் இருந்து காசு அனுப்பி ஊர்க் கோயில் கட்டுகிற எங்கட மாமா சித்தப்பாமாரில் எத்தனை பேர் ‘கள்ளமாக’ப் போனவர்கள் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். அதை நாங்கள் வீரக் கதையாகத்தான் சொல்லுகிறோம். சரி, சொல்லலாம். அதே மரியாதையை மாத்தளைக்கு நடந்து வந்தவருக்கும் கொடுத்தால்.

கொமகாட்டா மாருவுக்காகக் கனடாவின் பாராளுமன்றத்தில் பிரதமர் 2016 இல் மன்னிப்புக் கேட்டார். 102 வருசம் பிந்தி. இங்கே 2003 ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை ஏட்டளவில் முடிந்தது, அதை யாரும் மன்னிப்பு என்று சொல்லவில்லை. 1946 இல் 11.7 வீதமாக இருந்தவர்கள் 2012 இல் 4.1 வீதம். 2023 இல் மலையகம் 200 ஐ நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் திரும்பவும் நடந்தார்கள். வழியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணி கொடுத்து வரவேற்றார்கள்.

பாராளுமன்றம் செய்கிறதை அது செய்யட்டும். எங்கட கையில் இருக்கிற வேலைகள் சின்னன். வன்னியில் உறுதி இல்லாமல் இருக்கிற குடும்பங்களின் காணிப் பிரச்சினையைத் தமிழ் அரசியலின் பிரச்சினையாகக் கதைப்பது. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர் ஹட்டனில் இருந்தோ பதுளையில் இருந்தோ வந்தவர் என்றால், அவரது பேச்சுத் தமிழைப் பார்த்து ‘இந்தியத் தமிழ்’ என்று சிரிக்கிறவரை அந்த இடத்திலேயே நிற்பாட்டுவது. அப்படிச் சிரிக்கிறவருக்கு, 1986 இல் அந்தப் படகில் அவரது மாமாவும் இருந்திருக்கலாம் என்று ஞாபகப்படுத்துவது.