செங்கோலும் இசைக்கோலும்

பெங்களூரில் 'கண்டக்டர்' என்றால் பஸ்தான் நினைவுக்கு வரும். அதிலும் தமிழருக்குச் சிவாஜி ராவ் என்ற பெயர் உடனே கூடவே வரும். இந்தக் கட்டுரை வேறொரு கண்டக்டரை, இசைக்குழுவைக் கோல் பிடித்து நடத்தும் கண்டக்டரைப் பற்றியது. இத்தாலியில் நோவாரா என்ற ஊரில் 1920-இல் பிறந்து, முப்பத்தாறு வயதில் மறைந்த குவிதோ கான்டெல்லி. அவருக்கும் வசந்தநகரில் இன்றும் நிற்கும் பெங்களூர் அரண்மனைக்கும் என்ன தொடர்பு? நேரே ஒன்றுமில்லை, சுற்றிவந்தால் நிறைய உண்டு.

அந்த அரண்மனையில் 1974 செப்டம்பர் 23 அன்று காலமானவர் ஜெயசாமராஜ உடையார். மைசூரின் கடைசி மன்னர். 1964 முதல் 1966 வரை சென்னையில் ஆளுநராக இருந்ததால் தமிழருக்கும் அறிமுகமானவர். ஸ்ரீவித்யா முத்திரையோடு அவர் செய்த 94 கிருதிகளை நம் வித்வான்கள் பாடுகிறார்கள். வித்வான் வாசுதேவாச்சாரியாரிடம் பயின்ற அந்தக் கை, இளமையில் பியானோவில் தோய்ந்த கை. 1940-இல் தந்தையும் பெரியப்பாவும் அடுத்தடுத்து மறைய, இருபத்தொரு வயதில் அரியணை வந்து சேர்ந்தது. பியானோ மேதையாகும் கனவு அதோடு போயிற்று.

மைசூருக்கு இரண்டு இசையும் புதிதல்ல. பெரியப்பா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனையில் கர்நாடக வாத்தியக் குழு ஒன்று, மேற்கத்திய பேண்டு ஒன்று. பேண்டை நடத்தியவர் ஜெர்மானியரான ஆட்டோ ஷ்மிட். அதே தர்பாரில் நம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் ஆஸ்தான வித்வான். பெரியப்பா வாத்தியங்களை அரண்மனைக்குள் சேர்த்தார். பிள்ளை இசைத்தட்டுகளைச் சேர்த்தார். கையால் வாசிக்க முடியாததைக் காதால் தேடியவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் தேடல்தான் லண்டன்வரை போனது. ரஷ்யாவிலிருந்து வந்து லண்டனில் வறுமையில் இருந்த நிக்கலாய் மெட்னர் என்ற இசையமைப்பாளரின் படைப்புகளைத் தட்டில் பதிக்க மன்னர் பணம் கொடுத்தார். மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். 1945-இல் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவைத் தொடங்கிய வால்டர் லெக், 1949-இல் மைசூருக்கே வந்துவிட்டார். அங்கே கண்ட இசைத்தட்டு நூலகமும் பியானோக்களும் அவரை மலைக்க வைத்தன. முப்பது வயதுகூட ஆகாத மன்னர், இசைக்குழுவும் அதன் கச்சேரிச் சங்கமும் காலூன்ற மானியம் தர ஒப்புக்கொண்டார். சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. 1950 மே 22 அன்று ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இறுதிப் பாடல்கள் நான்கும் லண்டனில் முதன்முதலாக அரங்கேறியபோது, செலவுக்குப் பொறுப்பேற்றவர் மன்னர். கச்சேரிக்கு அவர் போகவில்லை; பதிவு மைசூருக்குக் கப்பலேறியது.

இனி கான்டெல்லி. பிறந்த ஊரின் கோச்சா நாடக அரங்கில்தான் அவர் ஆபரா நடத்தக் கற்றார்; 1943-இல் அங்கே வெர்டியின் 'லா த்ராவியாட்டா'. போரில் ஜெர்மானியர் பக்கம் சேர மறுத்ததால் வதைமுகாம் வாசம். 1948-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் அவர் நடத்தியதைக் கேட்ட நடத்துநர் டோஸ்கனினி, எண்பதைத் தாண்டிய அந்தக் கிழச்சிங்கம், கையோடு அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டது. தன் வாரிசு இவன்தான் என்று நினைத்தது.

கான்டெல்லி முன்னால் ஸ்வரத்தாள் வைத்துக்கொள்வதில்லை. ஒத்திகையிலும் எல்லாம் மனப்பாடம். நம் கச்சேரியில் பாடகரின் தொடையில் விழும் தட்டு, பாட்டோடு கூடவே விழுகிறது. இசைக்கோல் அப்படியல்ல. ஒலி பிறப்பதற்கு ஒரு மூச்சு முன்பே அது மேலே எழும்ப வேண்டும். அந்த எழும்பலிலேயே காலப்பிரமாணம் தெரிந்துவிட வேண்டும். வயலின்காரர் அதைப் பார்த்துத்தான் வில்லை இழுக்கிறார், குழல்காரர் மூச்சை எடுக்கிறார். கோலை எழுப்பியவர் மட்டும் ஒரு ஒலியும் எழுப்புவதில்லை.

அதனால்தான் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வீணை வித்வான் தனியாக உட்கார்ந்து நாள் முழுக்கச் சாதகம் செய்யலாம். இசைக்கோல் பிடிப்பவருக்கு வாத்தியமே எண்பது மனிதர்கள்; அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் போய்ச் சேர வேண்டும். நடத்துநரின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் கணக்கை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். 1951 முதல் கான்டெல்லி லண்டனில், மைசூர் மானியத்தில் காலூன்றிய அதே ஃபில்ஹார்மோனியாவோடு செய்த பதிவுகள்தான் இன்றும் அவர் பெயரைக் காப்பாற்றுகின்றன. பிராம்ஸ், ஷூமான், டெபுஸி, மெண்டல்சோனின் இத்தாலிய சிம்பொனி. டோஸ்கனினியே 1952-இல் வந்து அதே குழுவோடு பிராம்ஸின் நான்கு சிம்பொனிகளையும் நடத்தினார். அதற்குள் மைசூர்ச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்துவிட்டது. மன்னரின் கை முன்போல் நீளவில்லை. ஆனால் குழு நிலைத்துவிட்டது.

1956 நவம்பர் 1 அன்று உடையார், விரிந்த மைசூர் மாநிலத்தின் ஆளுநரானார். அந்த மாதத்தின் நடுவில் கான்டெல்லி லா ஸ்காலாவின் இசை இயக்குநராக அறிவிக்கப்பட்டார். ஒரே வாரம். 24-ஆம் தேதி நியூயார்க் புறப்பட்ட விமானம் பாரிஸின் ஓர்லியில் எழும்பிய உடனே விழுந்து நொறுங்கியது. செய்தியை டோஸ்கனினியிடம் யாரும் சொல்லவில்லை. 1957 ஜனவரி 16 அன்று, தெரியாமலே அவரும் போனார்.

1956-இன் கோடையில் கான்டெல்லி நடத்த, லண்டனில் பதிவான பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஒன்று இருக்கிறது. மேற்கத்திய இசையே கேட்காதவரும் அடையாளம் காணும் அந்த நான்கு ஸ்வரத் தொடக்கம் அதில் இல்லை. முதல் பகுதியைப் பதிக்காமலே விட்டிருந்தார்கள். பல்லவியில்லாத கிருதிபோல, அனுபல்லவியிலிருந்தே தட்டு சுழலத் தொடங்குகிறது.