பிரெஞ்சு யாருடைய மொழி?

பிரெஞ்சு எங்கே பேசப்படுகிறது என்று வகுப்பில் கேட்டால் முதலில் வரும் விடை பாரிஸ்; அடுத்த விடை, அருகில் இருப்பதால், புதுச்சேரி. இரண்டும் பிழையல்ல. எனினும் இன்று அம்மொழியின் பாரத்தைத் தாங்கும் நிலம் வேறு. பிரெஞ்சு மொழி நாடுகளின் பன்னாட்டு அமைப்பு 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி அதைப் பேசுவோர் ஏறத்தாழ 32 கோடிப் பேர். அதை நாள்தோறும் புழங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்கர். பிரெஞ்சு வழங்கும் நகரங்களுள் மக்கள்தொகையால் மிகப் பெரியதாக இன்று சுட்டப்படுவது காங்கோ ஆற்றங்கரையில் உள்ள கின்ஷாசா. அந்நகரைப் பிரான்சு ஆண்டதே இல்லை. பெல்ஜியம் கொண்டுபோய்ச் சேர்த்த மொழி அது. அங்கும் தெருவில் கேட்பது லிங்காலா. பிரெஞ்சு பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் உரியது.

இம்மொழி இவ்வளவு தொலைவு சென்றது எப்படி? காலனியாட்சி என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அவ்விடையில் பாதி விடுபட்டுப்போகிறது. பிரெஞ்சு முதலில் வெல்ல வேண்டியிருந்தது பிரான்சைத்தான்.

1539-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா பிறப்பித்த ஆணை நீதிமன்ற ஆவணங்களிலிருந்து இலத்தீனை அகற்றிப் பிரெஞ்சை அமர்த்தியது. ஆவணத்தில் ஏறிய மொழி மக்கள் நாவில் ஏறவில்லை. புரட்சிக் காலத்தில், 1794-இல், கிரெகுவார் என்ற பாதிரியார் தேசியப் பேரவையின் முன் வைத்த அறிக்கை இதற்குச் சான்று. அறுபது இலட்சம் பிரெஞ்சுக் குடிமக்களேனும் பிரெஞ்சு அறியாதவர்கள்; அதைச் செம்மையாகப் பேசுவோர் முப்பது இலட்சத்தைத் தாண்டார் என்றது அது. பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க் முதலிய மொழிகளே ஊர்ப்புறங்களை ஆண்டுகொண்டிருந்தன.

அவற்றை ஓய்த்த பெரிய கருவி பள்ளிக்கூடம். பிரெத்தோன் பேசிப் பிடிபட்ட சிறுவனின் கழுத்தில் பழைய மரச்செருப்போ வேறொரு பொருளோ தொங்கவிடப்படும். 'சின்னம்' என்பது அதன் பெயர். தாய்மொழி பேசும் இன்னொரு சிறுவனைக் கண்டுபிடித்து அவன் கழுத்துக்கு அதை மாற்றினால்தான் இவனுக்கு விடுதலை. மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஒற்றர்களாக்கிய இம்முறையின் கொடுமை, அடியைவிட ஆழமானது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே சின்னம் கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. ஐவரி கோஸ்ட் எழுத்தாளர் பெர்னார் தாதியே 1956-இல் வெளியிட்ட 'கிளிம்பியே' நாவலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். தாய்மொழியைக் குறித்து வெட்கப்படக் கற்பித்த பாடம், இரு கண்டங்களிலும் ஒன்றாகவே இருந்தது.

அப்படிக் கற்றவர்கள் அம்மொழியை என்ன செய்தார்கள் என்பதில்தான் வரலாறு திரும்புகிறது. அதே நாட்டின் அகமது குரூமா, மலிங்கே மொழியின் நடையையும் சொல்லாட்சியையும் பிரெஞ்சுக்குள் புகுத்தி 'சுதந்திரங்களின் சூரியன்கள்' என்ற நாவலை எழுதினார். பாரிஸ் பதிப்பாளர்கள் அதை ஏற்கவில்லை. 1968-இல் அது அச்சேறியது கனடாவின் மொன்றியலில். தம் பேச்சு கொச்சையென்று பிறர் சொல்லக் கேட்டுப் பழகிய கியூபெக் மக்களின் நகரம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1970-இல், பாரிசும் அதைப் பதிப்பித்தது. விளிம்பிலிருந்து விளிம்புக்குச் சென்று, அதன் பின்னரே மையத்துக்கு வந்த நூல் அது.

ஆயினும் இலக்கியத்தில் கிட்டிய இவ்வெற்றி வகுப்பறையின் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. வீட்டில் பம்பாராவோ ஹௌசாவோ பேசும் குழந்தை, பள்ளியில் முதல் நாளே அறியாத மொழியில் எழுத்துக் கற்கும் நிலை விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. 2023-இல் மாலி தன் அரசமைப்பில் பிரெஞ்சை ஆட்சிமொழி நிலையிலிருந்து இறக்கிப் பணிமொழியாக்கியது; பதின்மூன்று உள்நாட்டு மொழிகள் அந்த இடத்தைப் பெற்றன. புர்க்கினா பாசோவும் நைஜரும் அவ்வழியே சென்றன. 2025 மார்ச்சில் மூன்று நாடுகளும் பன்னாட்டு அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தன. 1970-இல் அவ்வமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்ட நகரம் நைஜரின் தலைநகர் நியாமே என்பதை இங்கே நினைவுகூரத் தகும்.

இம்முடிவுகளை எடுத்தவை இராணுவ அரசுகள். அவற்றின் அரசியல் நோக்கங்களை நாம் ஐயுறலாம். எழுப்பிய வினாவை ஒதுக்கிவிட முடியாது. ஆணையால் ஏறிய மொழி ஆணையால் இறங்கிவிடும் என்பதற்கும் உறுதியில்லை. பாடநூல், ஆசிரியர், அகராதி ஆகிய மூன்றும் உள்நாட்டு மொழிகளுக்கு வாய்க்கும் வரை சட்டம் தாளில்தான் இருக்கும்.

பிரெஞ்சு இன்று யாருடைய மொழி? அதை வளைத்துத் தம் குரலாக்கிக்கொண்ட குரூமாக்களுடையது என்பதில் நமக்கு ஐயமில்லை. அவர்களோடு சேர்ந்து கற்று, பாதியில் பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளைக் கேட்டால் விடை வேறாக இருக்கும். மொழி பரவிய வரலாற்றில் எழுதியவர்களின் பெயர்கள் நிற்கின்றன. கழுத்தில் சின்னத்தோடு மௌனமாக நின்றவர்களின் கணக்கை எவரும் வைத்திருக்கவில்லை.