பசுமை ஒப்பந்தமும் வாடகை வீடுகளும் (ஐக்கிய இராச்சியம்)

பசுமை ஒப்பந்தம் என்பது வீடுகளின் ஆற்றல் திறனை உயர்த்துவதற்காக ஐக்கிய இராச்சிய அரசு 2013 ஆம் ஆண்டு சனவரி மாதம் தொடங்கிய கடன் திட்டம் ஆகும். 2011 ஆம் ஆண்டின் ஆற்றல் சட்டம் இதற்கு அடிப்படையாக அமைந்தது. இங்கிலாந்து, வேல்சு, இசுக்கொட்லாந்து ஆகிய பகுதிகளில் இது நடைமுறையில் இருந்தது. சொந்த வீட்டுக்காரர்களும் இதில் சேர முடிந்தது. ஆயினும் இதன் வடிவமைப்பு குறிவைத்த முக்கியச் சிக்கல் வாடகை வீடுகளுடையது. 2015 இல் அரசு இதற்கான நிதியை நிறுத்தியபின், இதை நம்பி எழுதப்பட்டிருந்த வாடகை வீட்டு விதிகளும் சில ஆண்டுகள் பயனற்றுக் கிடந்தன.

பின்னணி

இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பம் தனியார் வாடகை வீட்டில் வசிக்கிறது. இவ்வீடுகளில் கணிசமானவை முதலாம் உலகப் போருக்கு முன் கட்டப்பட்டவை. அக்காலச் செங்கல் சுவர்கள் நடுவில் இடைவெளி இல்லாத திண்மச் சுவர்கள். பிற்காலத்து வீடுகளில் இரு சுவர்களுக்கு இடையே வெற்றிடம் விடப்பட்டிருக்கும். அதற்குள் காப்புப் பொருளைச் செலுத்துவது எளிது, மலிவும் கூட. திண்மச் சுவருக்கு அந்த வசதி இல்லை. வெளிப்புறமோ உட்புறமோ தனியாக ஒரு காப்பு அடுக்கு பொருத்த வேண்டும். அதற்குப் பல ஆயிரம் பவுண்டு செலவாகும்.

இதைவிடப் பெரிய தடை பொறியியல் சார்ந்தது அன்று. சுவருக்கும் கூரைக்கும் காப்பு இடுவதற்கான பணத்தைச் செலவிடுபவர் வீட்டு உரிமையாளர். அதனால் எரிவாயுக் கட்டணம் குறைந்து பயன் பெறுபவர் வாடகைக்குக் குடியிருப்பவர். குடியிருப்பவர் தம் பணத்தைப் போடவும் விரும்புவதில்லை, ஏனெனில் ஓராண்டில் வீட்டைக் காலி செய்ய நேரலாம். பொருளியலாளர்கள் இதைப் 'பிளவுண்ட ஊக்கம்' என்பர். இதன் விளைவு, யாரும் எதையும் செய்யாமல் இருப்பதே. குளிர்காலத்தில் இது வெறும் கணக்குச் சிக்கல் அன்று. சூடாக்கக் கட்டணம் கட்ட இயலாதோர் ஈரமும் பூஞ்சையும் படிந்த அறைகளில் வாழ்கின்றனர். முதியோரும் குழந்தைகளும் மூச்சு நோய்களுக்கு ஆளாகின்றனர்.

முந்தைய வரிச் சலுகை

2004 ஆம் ஆண்டு ஏப்ரலில் வீட்டு உரிமையாளர்களுக்கென ஓர் ஆற்றல் சேமிப்பு வரிக்கழிவு அறிமுகமானது. கூரைப் பரணுக்கும் இடைவெளிச் சுவருக்கும் காப்பு இட்ட செலவில் 1,500 பவுண்டு வரை வாடகை இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ள இது அனுமதித்தது. பின்னர் திண்மச் சுவர்க் காப்பு, காற்றுக் கசிவு அடைத்தல், தரைக் காப்பு ஆகியனவும் சேர்க்கப்பட்டன. இச்சலுகை 2015 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. இது மானியம் அன்று, வரிக்கழிவு என்பதைக் கவனிக்க வேண்டும். 20 விழுக்காடு வரி செலுத்தும் உரிமையாளருக்கு 1,500 பவுண்டுக் கழிவால் மிஞ்சுவது 300 பவுண்டு மட்டுமே.

பசுமை ஒப்பந்தம் இயங்கிய முறை

இத்திட்டத்தின் மையக் கருத்து எளிமையானது; நேர்த்தியானது என்றும் சொல்லலாம். கடன் ஆளின் பெயரில் இல்லாமல், வீட்டின் மின்மானியோடு பிணைக்கப்பட்டது. தவணை மின்கட்டணத்துடன் சேர்த்து வசூலிக்கப்பட்டது. குடியிருப்பவர் வீட்டை மாற்றினால் கடன் அவருடன் செல்லாது. அடுத்து அங்கு வந்து மின்கட்டணம் செலுத்துபவரைச் சேரும். பயன் பெறுபவரே செலவையும் ஏற்பதால் பிளவுண்ட ஊக்கச் சிக்கல் தீரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. வாடகை வீடாயின் உரிமையாளர், குடியிருப்பவர் ஆகிய இருவரின் ஒப்புதலும் தேவைப்பட்டது. புதிதாகக் குடிவருவோரிடம் கடன் இருப்பதை முன்கூட்டியே தெரிவிக்கும் கடமையும் உரிமையாளருக்கு இருந்தது.

குடியிருப்பவரின் பாதுகாப்புக்காகப் 'பொன் விதி' ஒன்று வகுக்கப்பட்டது: தவணைத் தொகை, மேம்பாட்டினால் மிச்சமாகும் என மதிப்பிடப்பட்ட தொகையை மீறக் கூடாது. இவ்விதியே திட்டத்தின் வலிமையும் வலுவின்மையும் ஆனது. ஏனெனில் கடனுக்கான வட்டி 7 முதல் 10 விழுக்காடு வரை இருந்தது.

ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம். ஒரு வேலையின் செலவு 1,800 பவுண்டு, ஆண்டுச் சேமிப்பு 120 பவுண்டு என்போம். வட்டி இல்லாவிட்டால் 15 ஆண்டுகளில் கடன் அடைந்துவிடும். 8 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுத் தவணை என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 169 பவுண்டு கட்ட வேண்டும். பொன் விதி இதை அனுமதிக்காது. 120 பவுண்டுத் தவணை தாங்கக்கூடிய கடன் சுமார் 1,280 பவுண்டு மட்டுமே. மீதி 520 பவுண்டை யாரேனும் கையிலிருந்து போட வேண்டும். வட்டி 2 விழுக்காடாக இருந்திருப்பின் 2,300 பவுண்டுக்கு மேல் கடன் கிடைத்து முழு வேலையும் முடிந்திருக்கும். திட்டத்தின் தலைவிதியை வட்டி வீதமே பெரும்பாலும் எழுதிவிட்டது எனலாம். அதிகச் செலவு பிடிக்கும் திண்மச் சுவர் வீடுகளே இதில் மிகவும் பாதிக்கப்பட்டன.

முடிவு

2015 சூலையில் அரசு, கடன் வழங்கிவந்த நிதி நிறுவனத்துக்குப் பணம் தருவதை நிறுத்தியது. தேசியத் தணிக்கை அலுவலகம் 2016 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, கடன் பெற்ற குடும்பங்கள் சுமார் 14,000 மட்டுமே. ஊக்க மானியங்களையும் சேர்த்து அரசு செலவிட்டது 24 கோடி பவுண்டு. செலவுக்கு ஏற்ற பயன் கிடைக்கவில்லை என்று அவ்வறிக்கை முடிவு கூறியது. 2017 இல் அந்நிதி நிறுவனம் தனியாருக்கு விற்கப்பட்டது.

குறைந்தபட்சத் தர விதிகள்

ஐக்கிய இராச்சியத்தில் வாடகைக்கு விடப்படும் வீட்டுக்கு ஆற்றல் திறன் சான்றிதழ் தேவை. இது 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் பிரிக்கிறது. 39 முதல் 54 புள்ளி வரை 'இ' தரம். 69 முதல் 80 வரை 'சி' தரம். 2015 இல் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகள், 'எஃப்', 'ஜி' தரத்தில் உள்ள வீடுகளை வாடகைக்கு விடுவதைத் தடுத்தன. இத்தடை 2018 ஏப்ரல் 1 முதல் புதிய குடித்தனங்களுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே உள்ள குடித்தனங்களுக்கும் பொருந்தியது.

ஆனால் இவ்விதிகளில் ஓர் ஓட்டை இருந்தது. உரிமையாளர் தம் கைப்பணத்தைச் செலவிட வேண்டியதில்லை, பசுமை ஒப்பந்தக் கடனோ மானியமோ கிடைக்கும் அளவுக்குச் செய்தால் போதும் என்பதே அவற்றின் முதல் வடிவம். விதிகள் நடைமுறைக்கு வருமுன்பே அக்கடனுக்கான அரசு நிதி நின்றுவிட்டது. மென்பொருளில், நீக்கப்பட்ட நிரலொன்றை நம்பி எழுதிய மற்றொரு நிரலின் நிலை இதுதான்: பிழைச்செய்தி எதுவும் வராது, வேலையும் நடக்காது. நிதி கிடைக்கவில்லை என்று பதிவு செய்து, ஐந்தாண்டு விலக்குப் பெற உரிமையாளர்களுக்கு வழி இருந்தது.

2019 ஏப்ரல் 1 முதல் இது திருத்தப்பட்டது. உரிமையாளர் ஒரு வீட்டுக்கு மதிப்புக்கூட்டு வரி உட்பட 3,500 பவுண்டு வரை தாமே செலவிட வேண்டும். அதற்குள் 'இ' தரத்தை எட்ட இயலாவிட்டால் மட்டுமே விலக்கு. விதிமீறலுக்கு ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 5,000 பவுண்டு அபராதம் விதிக்கலாம். நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் விடப்பட்டது.

பசுமை வீட்டு மானியம்

பெருந்தொற்றுக் காலத்தில் அறிவிக்கப்பட்டு 2020 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய இத்திட்டத்தில் வீட்டு உரிமையாளர்களும் சேர முடிந்தது. செலவில் மூன்றில் இரண்டு பங்கு, 5,000 பவுண்டு வரம்புக்குள், அவர்களுக்கு மானியமாகக் கிடைக்கும். 150 கோடி பவுண்டில் ஆறு இலட்சம் வீடுகளை மேம்படுத்துவது இலக்கு. பற்றுச்சீட்டு வழங்குவதில் தாமதம், தகுதிச்சான்று பெற்ற பணியாளர் பற்றாக்குறை ஆகியவற்றால் ஆறே மாதத்தில், 2021 மார்ச்சு 31 இல், விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. மேம்படுத்தப்படும் வீடுகள் சுமார் 47,500 ஆகவே இருக்கும் எனத் தேசியத் தணிக்கை அலுவலகம் அவ்வாண்டு மதிப்பிட்டது.

'சி' தரத்துக்கான முயற்சி

2020 இல் அரசு, புதிய குடித்தனங்களுக்கு 2025 முதலும் எல்லாக் குடித்தனங்களுக்கும் 2028 முதலும் 'சி' தரத்தைக் கட்டாயமாக்க முன்மொழிந்தது. இது சட்டமாகவில்லை. 2023 செப்டம்பர் 20 அன்று தலைமை அமைச்சர் இரிசி சுனக் இதைக் கைவிடுவதாக அறிவித்தார். காலக்கெடுவை நம்பி முன்கூட்டியே பணம் செலவிட்ட உரிமையாளர்களும் இருந்தனர். அடுத்து வந்த தொழிற்கட்சி அரசு, 2025 பிப்ரவரியில் நடத்திய கருத்துக் கேட்பில், 2030 க்குள் 'சி' தரம், ஒரு வீட்டுக்குச் செலவு வரம்பு 15,000 பவுண்டு என்ற முன்மொழிவை வைத்தது.

விமர்சனங்கள்

சான்றிதழின் தரம், மதிப்பிடப்பட்ட ஆற்றல் செலவை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. பிரித்தானியாவில் எரிவாயுவை விட மின்சாரம் விலை அதிகம். ஆதலால் மின்சூடேற்றி உள்ள சிறு அடுக்ககம் கரிம உமிழ்வு குறைவாக இருந்தும் தாழ்ந்த தரம் பெறலாம்; எரிவாயுக் கொதிகலன் உள்ள வீடு உயர்ந்த தரம் பெறலாம்.

வாடகை உயரும், சிலர் வீட்டை விற்றுவிடுவர் என்பது உரிமையாளர் தரப்பின் வாதம். குடியிருப்போர் தரப்பின் அச்சம் வேறு: பழுதைக் கேட்டால் வெளியேற்றப்படுவோமோ என்று பலர் வாய் திறப்பதில்லை. 2016 ஏப்ரல் முதல், மேம்பாட்டுக்கு ஒப்புதல் கேட்கும் உரிமை குடியிருப்போருக்கு வழங்கப்பட்டது. தகுந்த காரணமின்றி உரிமையாளர் மறுக்க இயலாது. ஆனால் கேட்பவரே பணத்துக்கும் வழி காண வேண்டியிருந்தது.

வேலையின் தரமும் கேள்விக்குள்ளானது. ஆற்றல் நிறுவனங்கள் மீது சுமத்தப்பட்ட கடமையின் கீழும் அதை ஒட்டிய காப்புத் திட்டத்தின் கீழும் வெளிச்சுவர்க் காப்பு பொருத்தப்பட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில், அதாவது 22,000 முதல் 23,000 வீடுகளில், சரிசெய்ய வேண்டிய பெரும் குறைகள் இருப்பதாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் மதிப்பிட்டது. காப்பு அடுக்கின் விளிம்பு சரியாக அடைக்கப்படாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கிச் சுவருக்கும் காப்புக்கும் இடையில் தேங்கும். பூஞ்சையைப் போக்கச் செய்த வேலையே பின்னர் பூஞ்சைக்குக் காரணமாகிவிடும்.