31.5, 22.9: தமிழ்நாட்டு எதிர்ப்பொருள் கணக்கெடுப்பில் ஒரு சரிவின் மறுவாசிப்பு

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறை நடத்திய நான்கு சுற்று ரத்தப் பரிசோதனையைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் டி.எஸ். செல்வவிநாயகம், அனுப் மலானி குழுவினரின் கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றனர். 2020 அக்டோபர்-நவம்பரில் மாநில மக்களில் 31.5 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. 2021 ஏப்ரலில் அது 22.9 ஆனது. ஆறு மாதத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் குறைந்ததை, தொற்றால் உண்டான எதிர்ப்பொருள் வேகமாகத் தேய்ந்ததற்கான அடையாளமாக அக்குழு வாசித்தது. தேய்மானம் நடந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் குறைவு தேய்மானத்தின் அளவுதானா என்பதே என் கேள்வி.

முதலில் தொடக்கப் புள்ளி. தமிழ்நாட்டில் முதல் அலை உச்சம் கண்டது 2020 ஜூலை-ஆகஸ்டில். முதல் சுற்று ரத்தம் எடுக்கப்பட்டபோது பலருக்குத் தொற்று வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 77 பேரைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வின்படி, லேசான தொற்றுக்குப் பின் எதிர்ப்பொருள் முதல் நான்கு மாதம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைகிறது. அதாவது 31.5 மலையுச்சி அன்று. பாதிச் சரிவில் நட்ட கல். அதற்கு முன்பே கணக்கிலிருந்து நழுவியவர்கள் இருந்திருக்க வேண்டும்.

முடிவுப் புள்ளியும் தூயதல்ல. 2021 ஜனவரி 16இல் தடுப்பூசி தொடங்கிவிட்டது. ஏப்ரலில் இரண்டாம் அலையும் ஏறிக்கொண்டிருந்தது. 22.9க்குள் இந்தப் புதுவரவுகளும் அடக்கம். அவர்களைக் கழித்தால் பழைய தொற்றாளர்களின் சரிவு இன்னும் செங்குத்தாகும். சுற்றுதோறும் மக்கள்தொகையிலிருந்து மாதிரி எடுத்தார்களே அல்லாமல், ஒரே ஆளைத் தொடர்ந்து பார்க்கவில்லை. ஆகவே எவ்வளவு செங்குத்து என்று சொல்ல வழியில்லை.

மூன்றாம் சுற்றில் (2021 ஜூன்-ஜூலை) ஒரு பாடபேதம் இருக்கிறது. அரசு அறிவித்தது 26,610 பேரில் 17,624 பேர், அதாவது 66.2 சதவீதம். கட்டுரையில் இருப்பது 67.1. மாவட்ட மக்கள்தொகைக்கேற்ப எடையிட்டதால் வந்த வேறுபாடாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கணக்கிடும் முறையே ஒரு புள்ளியளவு நகர்த்தும் என்றால், தசமத்தை நம்பி வாதம் கட்டக் கூடாது. மாவட்டமே அலகு என்பதால் விருத்தாசலம் போன்ற ஊர்களும் கண்ணுக்குத் தப்புகின்றன. பீங்கான் சூளைகளில் அடுத்தடுத்து நின்று வேலை செய்வோரும், சுற்றுக் கிராமத்து உழவரும் கடலூர் மாவட்டம் என்ற ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகிறார்கள். முதல் சுற்றில் நகரம் 35.7, கிராமம் 25.7 என்ற பத்துப் புள்ளி இடைவெளி இருந்ததை நினைத்தால் இது சின்ன இழப்பல்ல.

என் முக்கிய மறுப்பு வேறு. பரிசோதனை சொல்வது உண்டு, இல்லை என்ற இரண்டே பதில். வரம்புக்குச் சற்றுக் கீழே இறங்கியவரும் தொற்றே வராதவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். தொற்றின்போது பெருகி எதிர்ப்பொருள் சுரக்கும் குறுகிய ஆயுள் செல்கள் மடிந்ததும், ஏறத்தாழ 21 நாள் அரை ஆயுளுள்ள ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள் மளமளவென்று குறைவது இயல்பு. அதன்பின் எலும்பு மஜ்ஜையில் தங்கும் செல்கள் சிறிதளவு சுரந்துகொண்டே இருக்கும். அதே செயின்ட் லூயிஸ் ஆய்வில், மஜ்ஜை தந்த 19 பேரில் 15 பேரிடம் ஏழு மாதத்துக்குப் பிறகும் அச்செல்கள் இருந்தன. நம் ஊரில் யாரும் மஜ்ஜையைப் பார்க்கவில்லை. என் வாதத்தில் இது பலவீனமான கண்ணிதான். ஆயினும் உயிரியல் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. எனவே 31.5இலிருந்து 22.9 என்ற அந்தச் சரிவு ரத்தத்தில் நடந்த தேய்மானத்தைக் குறைத்தும், பாதுகாப்பில் நேர்ந்த இழப்பை மிகைத்தும் காட்டுகிறது என்றே கொள்கிறேன்.

தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருள் எப்போது தேயத் தொடங்கியது என்ற கேள்வி தீரவில்லை. நான்காம் சுற்று (2021 டிசம்பர்-2022 ஜனவரி) ஒமைக்ரான் பரவலோடு மோதிக்கொண்டது. அரசு அறிவித்த 87 சதவீதத்தில் எது ஊசி, எது புதுத் தொற்று என்று பிரிப்பது மதிப்பீடாகவே நிற்கும். இனியொரு கணக்கெடுப்பு வந்தால், சில நூறு பேரிடமாவது மீண்டும் மீண்டும் ரத்தம் எடுத்து, உண்டு-இல்லை என்பதோடு நிற்காமல் அளவையும் பதிய வேண்டும்.