பெயர் சூட்டப்பட்ட சிறுமியர்: ஸ்பானியத் திரையில் ஒரு தலைமுறை நடிகையரின் வாழ்வும் தொழிலும் (1960-1985)

இயக்குநர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி எழுதப்படும் திரைப்பட வரலாறு நடிகையரின் வாழ்வை அளப்பதற்கு ஏற்ற கருவியன்று. அவ்வரலாறு படங்களை எண்ணும், விருதுகளைப் பட்டியலிடும், ஒருவர் திரையை விட்டு நீங்கிய ஆண்டோடு அவரைப் பற்றிய குறிப்பை முடித்துக்கொள்ளும். 1960களில் ஸ்பானியத் திரையில் சிறுமியராகவும் இளமகளிராகவும் அறிமுகமான மூவரை இவ்வாறு அளந்தால், ஒருவர் பாதியில் நின்றவர், ஒருவர் பாட்டுக்குப் போனவர், ஒருவர் வென்றவர் என்னும் முடிவே கிட்டும். இம்முடிவு தவறானது என்பதை அவர்கள் தாங்கிய பெயர்களின் வழியே நிறுவ இயலும்.

மரிசோல், ரொசியோ துர்கல், அனா பெலென் ஆகிய இம்மூவரையும் முதன்முதலில் இயக்கியவர் ஒருவரே. வலென்சியாவில் 1914இல் பிறந்த லூயிஸ் லூசியா என்னும் அவ்வியக்குநர் 1960இல் ‘ஓர் ஒளிக்கீற்று’ (உன் ராயோ தெ லூஸ்) படத்தில் மரிசோலையும், 1962இல் ‘இளமைப் பாடல்’ (கன்சியோன் தெ ஹுவெந்தூத்) படத்தில் துர்கலையும், 1965இல் ‘சாம்போவும் நானும்’ (சாம்போ இ யோ) படத்தில் அனா பெலெனையும் மக்கள்முன் நிறுத்தினார். மூவரும் எளிய குடும்பத்தினர். மூவரும் நன்கு பாட வல்லவர்கள். மூவரும் பெற்றோர் இட்ட பெயரால் திரையில் அறியப்படவில்லை என்பது நான்காவது ஒற்றுமை. இதுவே இங்கு முதன்மையானது.

இச்சிறுமியர் தோன்றிய காலச் சூழலைச் சுருக்கமாகவேனும் நினைவிற் கொள்ள வேண்டும். உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்தபின் பிராங்கோவின் ஆட்சி ஸ்பெயினை உலகிலிருந்து ஏறத்தாழ ஒதுங்கிய நாடாக்கி வைத்திருந்தது. 1959ஆம் ஆண்டின் பொருளாதார நிலைப்படுத்தல் திட்டத்திற்குப் பின் கதவுகள் திறந்தன. 1960இல் ஏறத்தாழ 60 இலட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணியர் எண்ணிக்கை 1973இல் 3 கோடியே 40 இலட்சத்தைத் தாண்டியது. பொருளியல் திறந்ததே தவிரச் சட்டம் திறக்கவில்லை. மணமாகாத மகள் இருபத்தைந்து அகவைக்குள் தந்தையின் இசைவின்றி வீட்டை விட்டு வெளியேறி வாழ இயலாது என்னும் விதி 1972 வரையிலும், மனைவி ஒப்பந்தமிடக் கணவனின் இசைவு வேண்டும் என்னும் விதி 1975 வரையிலும் நடப்பிலிருந்தன. திரையில் ஆடிப் பாடிய சிறுமியின் துடுக்கை நாடே கொண்டாடியது. அத்துடுக்கு வளர்ந்த பெண்ணுக்கு உரியதன்று என்பதே அக்கொண்டாட்டத்தின் சொல்லப்படாத நிபந்தனை.

சிறாரைக் கொண்டு பாட்டுப் படம் எடுத்துப் பொருளீட்டும் வழியை 1956இல் வெளிவந்த ‘சின்ன இராப்பாடி’ படத்தின் வாயிலாக ஹோசெலீத்தோ என்னும் சிறுவன் முன்பே காட்டியிருந்தான். அவ்வழியைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் தயாரிப்பாளர் மனுவேல் கொயானெஸ். ‘ஒரு மிதிவண்டி ஓட்டியின் மரணம்’ (1955), ‘பெரிய தெரு’ (1956) முதலிய பார்தெமின் கூர்மையான சமூக விமர்சனப் படங்களைத் தயாரித்தவரும் இவரே என்பது வியப்புக்குரியது.

மாலகா நகரில் 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் பிறந்த ஹோசெஃபா புளோரெஸ் கொன்சாலெஸ் என்னும் சிறுமியை, நாட்டார் ஆடல்பாடல் குழுவொன்றின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கொயானெஸ் 1959இல் கண்டார். ஒப்பந்தம் எழுதப்பட்டது. சிறுமி மத்ரித் நகரில் கொயானெஸ் குடும்பத்தின் இல்லத்திலேயே தங்கி வளர்ந்தாள். தலைமுடி பொன்னிறமாக்கப்பட்டது. பெயரும் மாற்றப்பட்டது. ஸ்பானிய மொழியில் ‘மார்’ என்பது கடல்; ‘சோல்’ என்பது கதிரவன். ‘மரிசோல்’ என்பது அம்மொழியில் நெடுங்காலமாக வழங்கும் பெண்பெயரே எனினும், கடலையும் வெயிலையும் அயல்நாட்டாருக்கு விற்கத் தொடங்கிய ஒரு நாட்டில், மாலகாக் கடற்கரையிலிருந்து வந்த பொன்முடிச் சிறுமிக்கு அப்பெயர் வாய்த்ததைத் தற்செயல் என்று மட்டும் கொள்வது கடினம்.

‘ஓர் ஒளிக்கீற்று’ வெனிசுத் திரைப்பட விழாவில் அவளுக்குச் சிறந்த குழந்தை நடிகை விருதைப் பெற்றுத் தந்தது. அடுத்து வந்த ‘ஒரு தேவதை வந்தாள்’ (1961), ‘தோம்போலா’ (1962) ஆகிய படங்களையும் லூசியாவே இயக்கினார். முதற் படத்தில் தந்தையற்ற சிறுமி கல்மனம் கொண்ட பாட்டனாரை இளகச் செய்கிறாள். இரண்டாவது படத்தில் அநாதைச் சிறுமி மாமன் வீட்டுக்கு வந்து சீர்கெட்ட குடும்பத்தைச் சீராக்குகிறாள். பெரியவர்கள் உடைத்த வீட்டைச் சிறுமி பாடிச் செப்பனிட வேண்டும் என்பதே இக்கதைகளின் பொது அமைப்பு. போர் முடிந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில் இவ்வமைப்பு பெற்ற வரவேற்பை வெறும் பொழுதுபோக்கு நாட்டமாகக் கருதிவிட இயலாது. பின்னர் வந்த படங்களின் தலைப்புகளிலேயே பெயர் ஏறியது: ‘ரியோவை நோக்கி மரிசோல்’ (1963), ‘மரிசோலின் 4 திருமணங்கள்’ (1967). நடிகையின் பெயர், பாத்திரத்தின் பெயர், விற்பனைப் பொருளின் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாயின. பொம்மைகளும் சிறுவர் நூல்களும் அப்பெயரில் விற்றன. 1969இல் தயாரிப்பாளரின் மகன் கார்லோஸ் கொயானெஸை அவர் மணந்தார். 1972இல் அம்மணவாழ்வு பிரிவில் முடிந்தது.

அதன் பின்னரே அவரது நடிப்பின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. ‘கிறிஸ் மில்லரின் சீரழிவு’ (1973), ‘ஆசையின் ஆற்றல்’ (1975) ஆகிய இரண்டையும் இயக்கியவர் பார்தெம். 1976 செப்டம்பரில் ‘இன்டர்வியூ’ இதழ் அவரது ஆடையற்ற படத்தை அட்டையில் வெளியிட்டது. சர்வாதிகாரத்திலிருந்து மக்களாட்சிக்கு நாடு மாறிய காலத்தின் சின்னமாக அவ்வட்டையை இன்றளவும் காட்டுவர். ஆயினும் அப்படங்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டவை என்பதை நோக்க வேண்டும். பொன்முடிச் சிறுமியைச் சின்னமாக்கியவர்கள் ஒரு சாரார். ஆடையற்ற பெண்ணைச் சின்னமாக்கியவர்கள் மற்றொரு சாரார். இரண்டு சின்னங்களையும் செய்தவர் அவரல்லர்.

அவரே தேர்ந்து செய்தவை வேறு. மாரியோ காமுஸ் இயக்கிய ‘கடந்த காலத்தின் நாட்கள்’ (1978) படத்தில், போருக்குப்பின் வடபுல மலைகளில் மறைந்து போராடிய கொரில்லாக்களிடையே தன் காதலனைத் தேடிச் செல்லும் பள்ளி ஆசிரியையாக அவர் நடித்தார். பாட்டும் ஆட்டமும் அற்ற, அடங்கிய நடிப்பு அது. கார்லோவி வாரி விழாவில் சிறந்த நடிகைக்கான விருது அதற்குக் கிடைத்தது. 1979இல் பெண்களின் வாழ்நிலையைப் பாடும் பாடல்களைத் தொகுத்து இசைத்தட்டு வெளியிட்டார். கார்லோஸ் சௌராவின் ‘கார்மென்’ (1983) படத்தில் சிறு பாத்திரமேற்றார். 1984இல், விடுதலைக் கொடி தைத்த குற்றத்திற்காக 1831இல் கிரனாதாவில் கொல்லப்பட்ட மரியானா பினேதாவின் கதையைக் கூறும் தொலைக்காட்சித் தொடரில் தலைமைப் பாத்திரமேற்றார். இக்காலத்தில் அவர் பெப்பா புளோரெஸ் என்றே தம்மை அழைத்துக்கொண்டார். ‘பெப்பா’ என்பது ஹோசெஃபா என்னும் பெயரின் வீட்டு வழக்கு. 1985இல் ‘முடிந்துபோன வழக்கு’ படத்துடன், முப்பத்தேழாம் அகவையில், திரையையும் மேடையையும் ஒருங்கே துறந்து மாலகாவுக்குத் திரும்பினார். ஒருவரின் பெயரும் உருவமும் குரலும் பதினோரு அகவை முதல் பிறர் கையில் இருந்திருக்குமாயின், அவற்றைத் தராமல் வைத்துக்கொள்வதும் ஒரு தொழில்முடிவே. இதனை வீழ்ச்சி என்று எழுதும் வழக்கத்திற்குச் சான்று ஏதுமில்லை.

ரொசியோ துர்கலின் இயற்பெயர் மரியா தெ லோஸ் ஆங்ஹெலெஸ் தெ லாஸ் எராஸ் ஓர்தீஸ். மத்ரித்தில் 1944 அக்டோபர் 4ஆம் நாள் பிறந்தவர். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் அவரைக் கண்டெடுத்த முகவர் லூயிஸ் சான்ஸ் புதுப்பெயர் தேட, நிலப்படத்தில் விரல் பட்ட ஊரின் பெயரே பெயரின் பிற்பகுதியாயிற்று என்று கூறப்படுகிறது. துர்கல் கிரனாதா மாநிலத்தின் ஓர் ஊர். ‘லா மாஞ்சாவின் ரொசியோ’ (1963), ‘எனக்கு வயது 17’ (1964), ‘எவரினும் அழகி’ (1965) எனப் படங்கள் விரைந்து தொடர்ந்தன. 1966 முதல் மெக்சிகோ, அர்ஜென்டினா நாடுகளின் பாடகர்களான என்ரிக்கே குஸ்மான், பலித்தோ ஓர்தேகா முதலியோருடன் அவர் இணைந்து நடித்ததற்கு அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்த பெருஞ்சந்தையும் ஒரு காரணம் எனலாம். அச்சந்தையே பிற்காலத்தில் அவரது இல்லமாயிற்று.

1975 பிப்ரவரியில் மத்ரித் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தாங்கள் தேர்ந்தெடுத்த பதினொருவர் குழுவை அரசின் தொழிற்சங்க அமைப்பு ஏற்க மறுத்தமையே அதன் மூலம். அரங்குகள் மூடப்பட்டன, நடிகர்கள் சிலர் கைது செய்யப்பட்டனர். கைதானவர்களுள் துர்கலும் ஒருவர். புன்னகைக்கும் இளநங்கையாக மட்டும் அவரை அறிந்திருந்தோர்க்கு இது எதிர்பாராதது. 1977இல், தணிக்கை ஒழிக்கப்பட்ட ஆண்டில், இரு பெண்களின் உறவைப் பேசும் ‘எனக்கே நான் விந்தையாய்’ (மெ சியெந்தோ எக்ஸ்த்ராஞ்ஞா) படத்தில் பார்பரா ரேயுடன் நடித்தார். அதுவே அவரது இறுதிப் படம். அதே ஆண்டில் மெக்சிகப் பாடலாசிரியர் ஹுவான் கபிரியேலின் பாடல்களை மரியாச்சி இசைக்குழுவின் துணையுடன் பாடி வெளியிட்டார். ஸ்பெயினில் பிறந்த பெண்ணொருவர் மெக்சிகோவின் ‘ரஞ்சேரா’ மரபுக்கு உரியவராக ஏற்கப்பட்டது அரிய நிகழ்வு. நிலப்படத்தில் விரல் வைத்துக் கிடைத்த பெயரை அவர் கழற்றி எறியவில்லை. வேறொரு நிலத்துக்கு எடுத்துச் சென்று தமதாக்கிக்கொண்டார்.

அனா பெலெனின் வரலாறு தோல்வியில் தொடங்குகிறது. மத்ரித்தின் லாவாபியெஸ் பகுதியில் 1951இல் பிறந்த மரியா தெல் பிலார் குவெஸ்தாவின் தந்தை விடுதிச் சமையற்காரர். தாய் அடுக்ககக் காவற்பணி செய்தவர். ‘சாம்போவும் நானும்’ படத்தில் தனித்து வாழும் செல்வச் சிறுமியாக, பெர்னாந்தோ ரே ஏற்ற கோமாளிப் பாத்திரத்துடன் நடித்தார். அப்பாத்திரத்தின் பெயரே அவர் பெயராயிற்று. படம் ஓடவில்லை. ஓடியிருந்தால் ‘அனா பெலெனின் 4 திருமணங்கள்’ என்றொரு படம் வந்திருக்கக்கூடும். ஓடாமையால் அவர் மிகுவேல் நாரோஸ் என்னும் நாடக இயக்குநரிடம் சென்று ஸ்பானியச் செவ்வியல் நாடகங்களில் பயின்றார். மற்ற இருவர்க்கும் கிட்டாத இப்பயிற்சிக் காலமே அவரது நீண்ட தொழில்வாழ்வின் அடித்தளம்; அதனை அவருக்கு அளித்தது அத்தோல்வியே.

‘பாரிசில் ஸ்பானியப் பெண்கள்’ (1971) படத்தில் வீட்டுவேலைக்குப் புலம்பெயர்ந்து கருவுற்ற இளம்பெண்ணாக நடித்தபோது அவர் முழு நடிகையாகிவிட்டிருந்தார். 1972இல் பாடகர் விக்தோர் மனுவேலைத் திருச்சபைச் சடங்கின்றி ஜிப்ரால்டரில் மணந்தார். இருவரும் மெக்சிகோவில் நடத்திய மேடை நிகழ்ச்சியில் ஸ்பானியக் கொடியை இழிவுபடுத்தியதாகத் தாயகத்தில் குற்றம் சுமத்தப்பட, சில காலம் திரும்ப அஞ்சி அங்கேயே தங்கினர். பிலார் மிரோவின் முதற் படமான ‘வேண்டுகோள்’ (1976), தொலைக்காட்சிக்காகக் காமுஸ் இயக்கிய கால்தோஸின் ‘போர்துனாத்தாவும் ஹசிந்தாவும்’ (1980), ‘தேன்கூடு’ (1982), லோர்காவின் நாடகத்தைத் தழுவிய ‘பெர்னார்தா ஆல்பாவின் வீடு’ (1987) ஆகியவை அவர் திறத்திற்குச் சான்றுகள். 1991இல் ‘பெண்ணாயிருந்தும் சாகாமல் இருப்பது எப்படி’ என்னும் படத்தைத் தாமே இயக்கினார். எவரும் நினைவிற் கொள்ளாத ஒரு படத்தின் பாத்திரப் பெயர், படத்தை மறக்கச் செய்யுமளவுக்கு உயிருள்ள ஒருவரின் பெயராயிற்று.

மூவரின் வழிகளையும் ஒப்பிடுமிடத்து, காமுஸ் என்னும் இயக்குநர் பெப்பா புளோரெஸையும் அனா பெலெனையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பெரும் பாத்திரங்களுக்குத் தேர்ந்தமை கருதத்தக்கது. லூசியா சிறுமியராகக் கண்டவர்களைக் காமுஸ் பெண்களாகக் கண்டார். எனவே 1978இல் முன்னவரின் திறன் குன்றியிருந்தது என்னும் கூற்று நிற்காது. ஒருவர் தொடர்ந்ததற்கும் மற்றவர் நின்றதற்கும் காரணத்தைத் திறனில் அன்று, 1960க்கும் 1965க்கும் இடையே சந்தை அவர்களுக்கு அளித்த வெற்றி தோல்விகளில் தேட வேண்டும்.

துர்கல் 2006 மார்ச் 25ஆம் நாள் மத்ரித்தை அடுத்த தொர்ரெலொதோனெஸில் மறைந்தார். அவரது சாம்பலின் ஒரு பகுதி மெக்சிகோவின் குவாதலூப்பே அன்னை ஆலயத்தில் வைக்கப்பட்டது. ஸ்பானியத் திரைப்படக் கழகத்தின் வாழ்நாள் கோயா விருதை அனா பெலென் 2017இல் மேடையேறிப் பெற்றுக்கொண்டார். 2020 ஜனவரியில் அவ்விருது பெப்பா புளோரெஸுக்கு வழங்கப்பட்டது. விழா அவருடைய சொந்த ஊரான மாலகாவிலேயே நடந்தது. அவர் வரவில்லை, மகள்கள் மூவரும் பெற்றுச் சென்றனர்.